இனிஷியல்

வியாழக்கிழமை ஆய்வுக்குழு வருகிறது.
அதற்குள் நாலாம் அலமாரி முடிய வேண்டும்.
நாகமலைக் காற்று ஜன்னல் கொக்கியை ஆட்டிக்கொண்டே இருக்கிறது.
அந்துருண்டை வாசம் மதியச் சோற்றிலும்.

அவரைக் குடும்பம், தாள் எண் நானூற்றுப் பதினேழு.
அடிலெய்டிலிருந்து பரிமாற்றமாய் வந்தது.
பதிலுக்கு நம் கல்லூரி என்ன அனுப்பியது என்பது
பதிவேட்டில் கறையான் தின்ற பக்கத்தில் இருக்கிறது.

எண்பது வருஷமாய்த் தட்டையாய்க் கிடக்கிறது பூ.
சிவப்பெல்லாம் வெங்காயச் சருகாகிவிட்டது.
நடுவில் அந்தக் கறுப்பு மட்டும்
இன்னும் கறுப்பு.
பூத்த அன்றைக்குக் குன்றிமணி மாதிரி இருந்திருக்கும்,
எந்தத் தட்டான் தராசும் தாங்காத
விரல் நீளக் குன்றிமணி.

முதல் சீட்டு தட்டச்சில்:
கிளயாந்தஸ் டாம்பியெரி.
கடலில் கொள்ளையடித்த ஒருவன்
ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பதில்
குடிக்கத் தண்ணீர் தேடி ஒரு தீவில் இறங்கி
மணலில் படர்ந்திருந்ததைக் கிள்ளிக்கொண்டு போனான்.
தண்ணீர் கிடைக்கவில்லை.
பின்னால் வந்தவர்கள் பூவுக்கு அவன் பேரைக் கொடுத்தார்கள்.
பூப்பேரை நிலத்துக்கு வைத்த மொழியில் வளர்ந்தவளுக்கு
இது கொஞ்சம் தலைகீழ்.
அவனுக்கு முன்பே அந்த மணலில் நடந்தவர்கள்
அதை எப்படிக் கூப்பிட்டார்களோ,
சீட்டில் அதற்குக் கோடு போட்ட இடம் இல்லை.

இரண்டாவது நீல மையில்:
கிளயாந்தஸ் ஃபார்மோசஸ்.
தேடியதில் இன்னும் பழைய பேர் ஒன்று அகப்பட்டதாம்,
டோனியா ஃபார்மோசா.
முந்திப் பிறந்த பேருக்கே உரிமை.
ஃபார்மோசா என்றால் வடிவானவள்.
கிளயாந்தஸ் வீட்டுக்குள் வந்ததும்
வடிவானவன் ஆனாள்.
லத்தீனில் அப்படித்தான்,
புகுந்த பேரினம் ஆண் என்றால்
பின்னால் வருகிற சொல் வாலை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதை இன்று நான் ஒட்டுகிறேன்:
ஸ்வைன்சோனா ஃபார்மோசா.
தொண்ணூறிலேயே மாற்றிவிட்டார்கள்.
எங்கள் அலமாரிக்குத் தகவல் வர
முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.
மறுபடி வடிவானவள்.
இத்தனைக்கும் பூ
ஒரு இதழைக்கூடத் திருப்பிப் படுக்கவில்லை.

பசை காய வேண்டும்.
என் கைப்பையில் குடும்ப நீதிமன்ற நகல்,
மூன்று ஜெராக்ஸ்.
பத்தாம் வகுப்புச் சான்றிதழில் சோ. செல்லக்கனி.
ரேஷன் கார்டில் பெ. செல்லக்கனி.
வங்கியில் செல்லக்கனி பெரியகருப்பன்.
காஸ் புத்தகத்தில் பெ. செல்வகனி,
அது யார் என்று இன்றுவரை தெரியாது.

செக்கானூரணி இ-சேவை மையத்துப் பையன் கேட்டான்:
"பழைய இனிஷியலே போட்டுறவாக்கா?"
முந்திப் பிறந்த பேருக்கே உரிமை என்று
அவனும் எங்கேயோ படித்திருக்கிறான்.
அப்பா சோலைமலை
அந்த ஓரெழுத்தைத் தவிர வேறெதுவும் தந்ததில்லை.
கல்யாணக் கடன் பத்திரத்தில் இருந்தது
அம்மா ஒச்சம்மாளின் கைநாட்டு.
கேஸ் நடந்த நாலு வருஷமும்
கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில்
தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்ததும் அவள்தான்.

"ஒ. செல்லக்கனின்னு வருமா?" என்றேன்.
பையன் என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான்,
உருட்டினான்.
"வரும்க்கா. ஆனா கேள்வி கேப்பாங்க."
விண்ணப்பம் போய்
நாற்பது நாள் ஆகிறது.

எங்கள் அறையில் ஒரு விதி உண்டு.
பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது.
தப்பென்று தெரிந்தாலும் அதை விட்டுவிட்டு
பக்கத்தில் இடம் பார்த்து ஒட்டு,
யார் சொன்னது, எந்தத் தேதி, எழுது.
வெள்ளை மை பூசுவதெல்லாம்
வருவாய்த்துறை வேலை.

தாளில் இடம் கொஞ்சம்தான் மிச்சம்.
காம்பு நொறுங்காமல்
ஓரமாய் ஒட்டிவிட்டேன்.
ஒட்டியவர் என்ற கோட்டில்
செல்லக்கனி என்று எழுதி
முன்னால் ஓரெழுத்துக்கு
இடம் விட்டிருக்கிறேன்.